சைக்கிள் வாங்கினோம், சைக்கிள் கடையை மறந்தோம்

வருடம் முடிந்ததும் கடைச் சரக்கை எண்ணிப் பதிவது எமது வழக்கம். 2025 ஜனவரியில் அப்படி எண்ணிக்கொண்டே பின்பக்கக் களஞ்சிய அறைக்குள் போனபோது, ஒன்பது சைக்கிள்கள் சுவரோடு சாய்ந்து நின்றன. பதினெட்டு டயர்களில் ஒன்றிலாவது காற்று இல்லை. செயின்கள் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தன. கூட வந்த கடைப் பையன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் 54,000 ரூபா என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த ஒன்பதும் எப்படி என்னிடம் வந்தன என்பதைச் சொல்ல 2022க்குப் போக வேண்டும். அந்த வருடத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் கடைசியில் 470 ரூபா என்று ஏறியது. விலை ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்தாலும் சாமான் இல்லை என்பதுதான் பெரிய கதை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் கரையோரத்தில் மோட்டார் சைக்கிளை வரிசையில் நிறுத்திவிட்டு, தலைமாட்டில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் தூங்கியவர்களை நாம் கண்டோம். அதே நாட்களில் வீட்டுக் கோடிகளில் கிடந்த பழைய சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. வாப்பாமார் ஓடிய ரலியும் ஹம்பரும் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்தன.

வியாபாரிக்கு இப்படியொரு காட்சியைக் கண்டால் கை சும்மா இராது. மார்ச் வரைக்கும் 203 ரூபாவளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. இன்று வாங்காவிட்டால் நாளை இன்னும் கூடும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். ஹார்ட்வெயார் கடைக்காரனான நான் அதுவரைக்கும் சைக்கிள் விற்றவனல்ல. கொழும்பிலே ஒரு மொத்த வியாபாரியிடம், லொறிக் கூலி உட்பட ஒன்று 54,000 ரூபாப்படி இருபது சைக்கிள்கள் எடுத்தேன். டீசல் இல்லாததால் லொறி வந்து சேர எட்டு நாள் பிடித்தது. வந்த மூன்று கிழமையில் பதினொன்றை 62,000 ரூபாப்படி விற்றேன். ஜூலை இறுதியில் கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். நாலே நாலு லீற்றர்தான். அந்த நாலு லீற்றர் கிடைத்த மறுநாளே என் கடை வாசலில் சைக்கிள் விலை கேட்ட குரல் நின்றுவிட்டது.

அப்படி நின்றவை ஒன்பது. முடங்கிய காசு 4 இலட்சத்து 86 ஆயிரம். இரண்டரை வருடம் அதை வைத்து நான் சீமெந்தும் தகரமும் புரட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் வராது.

சரக்கு எண்ணிய அன்றைக்கே எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் திருத்தும் காக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுபது வயதை நெருங்கிய மனிதர். நான் பாருக்குக் கீழால் காலை விட்டுச் சைக்கிள் பழகிய காலத்தில் எனக்கு டியூப் ஒட்டித் தந்தவர். ஒரு சைக்கிளைத் தூக்கிப் பின்சில்லைச் சுற்றிவிட்டார். அது இரண்டு பக்கமும் ஆடியது. கரியல் பூட்டுகின்ற இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதுல கரியல் எங்க பூட்டுற? துளையே இல்லயே. மட்காட் இல்ல, செயின் கவர் இல்ல, லைட் இல்ல. மீன்காரன் பெட்டிய எங்க வெக்கிற, தலையிலயா?”

நான் வாங்கியவை மலைச் சைக்கிள் ரகம். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த கால், பளபளக்கும் பெயின்ட். பார்வைக்கு இளந்தாரிகள் விரும்பும் சாமான்தான். ஆனால் எங்கள் ஊர்கள் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கைத்தலம் போலத் தட்டையானவை. தார் வீதியில் அந்தத் தடித்த டயர் ஒவ்வொரு மிதியிலும் உழைப்பைத் தின்னும். மிதிக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி எழும்புவதில் இன்னும் கொஞ்சம் போகும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்குபவனுக்கு அவையிரண்டும் தேவை. கடைக்கும் வட்டைக்கும் பாடசாலைக்கும் போகிறவனுக்கு அவை வீண் சுமை.

எந்தச் சைக்கிள் யாருக்கு என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நான் 54,000 வீதம் கொடுத்துப் படித்த பாடம் இது.

எமது வாப்பாமார் ஓடிய பழைய ஆங்கிலேயச் சைக்கிளின் முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40 கம்பி. ஏன் பின்னால் கூட? ஓடுகிறவனின் பாரத்தில் பெரும்பங்கும் கரியலில் ஏற்றும் சுமை முழுவதும் பின்சில்லில்தான் இறங்குகின்றன. அதைத் தெரிந்துகொண்டு செய்த சாமான். இந்தியாவிலிருந்து வந்த ஹீரோ, அட்லஸ், ஹேர்குலிஸ் என்பனவும் எமது நாட்டு லுமாலாவின் சாதாரண ரகமும் அந்த வழி வந்தவையே. கியர் இல்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற சைக்கிள் ஐந்தேகால் மீற்றருக்கு மேல் போகும். சமதரையில் நல்ல ஓட்டம். ஆனால் கச்சான் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில், ஒரு மூடை நெல்லும் பின்னால் இருந்தால் முழங்கால் கதறும். அப்படிப்பட்டவர்களுக்குக் காக்கா பின்னால் 20 அல்லது 22 பல் உள்ள பிறீவீலைப் போட்டுக் கொடுப்பார். ஓட்டம் கொஞ்சம் குறையும், மிதி இலேசாகும். பெரிய செலவில்லாத வேலை. இப்படியொன்று செய்யலாம் என்றே பலருக்குத் தெரியாது.

பல கியர் உள்ளவை மேட்டு நிலத்துக்கு அருமையானவை. கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர் அதையே வாங்கட்டும். கடற்கரையில் உப்புக் காற்று அந்த மெல்லிய கம்பிகளையும் சிறு சில்லுகளையும் முதலில் பிடிக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் விடுபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அப்படிச் செய்பவர்கள் எத்தனை பேர்?

பெண் பிள்ளைகளின் விடயம் வேறு. பார் குறுக்கே போகும் சைக்கிளில் பாடசாலைச் சீருடையோடு ஏறி இறங்குவது இடைஞ்சல். பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளே அவர்களுக்குப் பொருத்தம். செயினை முழுதாக மூடும் கவரும், பின்சில்லில் துணி சிக்காதபடி வலையும் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது, பிறேக் இல்லாமல் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். என் சரக்கில் அப்படியொன்றுகூட இல்லை. 2022இல் என்னிடம் விலை கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் மகளுக்கென்று கேட்டவர்கள். அவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விற்ற பதினொன்றின் கதியும் அவ்வளவு நல்லதல்ல. ஆறேழு மாதத்துக்குள் பலவற்றில் கம்பி தெறித்தது, பெடல் கழன்றது. தொழிற்சாலையில் பூட்டி வருகிற சாமானை அப்படியே ஓடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. கம்பிகளை ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, சில்லின் கோணலை எடுத்து, அச்சுக் குண்டுகளுக்குக் கிறீஸ் வைத்து, பிறேக்கைச் சரிசெய்து கொடுப்பது விற்பவனின் கடமை. நானோ அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஹேண்டிலைத் திருப்பி, காற்றடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர்கள் “சைக்கிள் சரியில்லை” என்று மூலையில் போட்டார்கள். ஓட்டத்துக்குப் பெற்றோலும் வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் கியூ.ஆர். முறையும் நிறுத்தப்பட்ட பிறகு, சைக்கிளுக்கு இருந்த கடைசித் தேவையும் போயிற்று என்று எண்ணிக்கொண்டோம்.

இது எங்கள் கரையில் முதல் தடவையுமல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு பல நிறுவனங்கள் சைக்கிள் பகிர்ந்தன. வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமெரிக்க அமைப்பு உருவானதே அந்த அழிவை ஒட்டித்தான். 2005இல் தொடங்கிய அந்த அமைப்பு, வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து இலங்கையில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது. பின்னர் அது ஆபிரிக்காவில் சாம்பியாவுக்குப் போனது. அங்கே சைக்கிள் மட்டும் கொடுக்கவில்லை, ஊர்களில் திருத்துநர்களையும் பயிற்றுவித்தது. சுமை ஏற்றுவதற்கென்றே ‘பஃபலோ’ என்ற பெயரில் பாரமான உருக்குச் சைக்கிளொன்றை உருவாக்கியது. அதன் கரியல் 100 கிலோ தாங்கும். உதிரிப்பாகம் விற்கும் கடைகளும் வந்தன. உலகம் முழுவதும் அலைந்து கற்றவர்கள் போய்ச் சேர்ந்த இடம், எங்கள் தெருக்கோடிக் காக்காவின் கொட்டில்தான். கடற்கோளுக்குப் பிறகு கிடைத்த சைக்கிளை, பின் டியூப் வெடித்ததும் அரை விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். வாங்கியவர்களையும் தெரியும்.

காக்காவின் கொட்டிலில் நடப்பது என்ன வியாபாரம் என்று நான் ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டியூப் ஒட்டும் கூலி சிறியது. அதற்கான வேலையோ சிறியதல்ல. டியூபைக் கழற்றி, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உரஞ்சி, சொலூஷன் பூசி, அது காயும் வரை பொறுத்து, பிறகு ஒட்டவேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. அத்தோடு முடியாது. டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி முள் இருக்கிறதா என்றும் பார்ப்பார். எங்கள் மணல் ஒழுங்கைகளில் நெருஞ்சி முள் அதிகம். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் அடுத்த சந்திக்குள் திரும்பவும் காற்றுப் போகும். ஓட்டை இரண்டு, பாம்பு கொத்தியதுபோல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது முள்ளின் வேலையல்ல. காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறக்கியதால் றிம் கடித்தது. அப்போது ஓடியவருக்கு ஏச்சு விழும்.

இந்தக் கூலியில் அவருக்கு மிஞ்சுவது தேநீர்க் காசுதான். மிச்சம் வருவது டயர், டியூப், பிறேக் கட்டை, செயின் விற்பதில். ஆனால் அவற்றை வாங்கி வைக்கக் கையில் முதல் இல்லை. ஒன்று விற்றால் ஒன்று வாங்குவார். கடனுக்குக் கொடுத்த கணக்கு ஒரு கொப்பி நிறைய. அவருடைய இரண்டு மக்களும் கட்டாரில். தொழில் பழக ஆளில்லை. எங்கள் பகுதியில் நாலு சைக்கிள் கடைகள் இருந்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று இருப்பது அவர் ஒருவர்தான். அவரும் கொட்டிலைப் பூட்டிவிட்டால், எங்கள் தெருவில் காற்றுப்போன சைக்கிள் எதுவும் திரும்ப ஓடாது. அது புதிதா பழசா என்பதெல்லாம் பிறகு விடயமே அல்ல.

நாம் செய்த ஏற்பாடு இதுதான். டயர், டியூப், செயின், கிறீஸ், கரியல் என்று 60,000 ரூபாவுக்குச் சாமான் என் கடையில் போட்டேன். அவர் விற்ற பிறகு எனக்குக் காசு தருவார், இலாபத்தில் பாதி அவருக்கு. ஒன்பது சைக்கிள்களையும் ஒவ்வொன்றாக அவரிடம் அனுப்பினேன். துளையில்லாத சட்டத்தில் கம்பிப் பட்டி போட்டுக் கரியல் பிடித்தார். மட்காட், மணி, லைட், நடுவில் முடிச்சில்லாத வழுக்கு டயர். ஒன்றுக்கு 6,500 ரூபா முடிந்தது. ஆறு சைக்கிள்கள் 36,000 ரூபாப்படி, ஆறு மாதத் தவணையில் போயின. வாங்கியவர்களில் ஒருவர் மீன் விற்பவர், இருவர் மேசன் வேலைக்குப் போகும் பொடியன்கள், ஒருவர் என் கடைப் பையன்.

கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். முதல் பதினொன்றில் வந்த இலாபம் 88,000. இந்த ஆறில் போன நட்டம் 147,000. ஆக, கையிலிருந்து போனது 59,000. மூன்று இன்னும் மிச்சம்.

என் கடைப் பையனின் கணக்கு இதைவிடச் சுவையானது. அவனுக்கு வீட்டிலிருந்து கடைக்கு ஆறு கிலோமீற்றர். போகவர 12, மாதம் 26 நாளுக்கு 312 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 7 லீற்றர். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 2,100 ரூபா. எஞ்சின் எண்ணெய், டயர், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் இன்னுமொரு 1,500. லீசிங் தவணையை நான் சேர்க்கவில்லை, அதைச் சேர்த்தால் கணக்கே வேண்டாம். சைக்கிளுக்கு மாதம் 700 ரூபா ஒதுக்கினால் தாராளம். மிச்சம் 2,900.

ஆனால் நேரத்தையும் கணக்கில் எடுக்காவிட்டால் அது வியாபாரிக் கணக்கல்ல. ஆறு கிலோமீற்றருக்குச் சைக்கிளில் 24 நிமிடம், மோட்டார் சைக்கிளில் 12 நிமிடம். நாளுக்கு 24 நிமிடம் கூடுதல், மாதம் பத்து மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அந்தப் பத்து மணித்தியாலத்தில் 2,900 ரூபாவுக்கு மேல் உழைக்கக்கூடியவர் மோட்டார் சைக்கிளிலேயே போகட்டும். மத்தியான வெயிலில் சாமான் விநியோகம் செய்பவரையும், தினம் முப்பது கிலோமீற்றர் ஓடுபவரையும் சைக்கிளில் போ என்று சொல்ல மாட்டேன். பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் தெருமுனைக் கடைக்கும் மோட்டார் சைக்கிளை முறுக்கும் எம்மைப் போன்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

உப்புக் காற்றுக்காரர்களுக்குக் காக்கா சொல்லும் வைத்தியத்தையும் எழுதிவிடுகிறேன். கிழமைக்கொரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவும். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடவும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளாகப் பிசினாகி மண்ணைப் பிடிக்கும். செயின் தேய்ந்ததா என்று பார்க்க அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளந்தால் 24 ஆணி தள்ளி இருப்பது சரியாக 12 அங்குலத்தில் விழவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பற்களையும் தின்றுவிடும். ஆசனத்தில் இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நீட்டி நிற்கவேண்டும். எங்கள் ஆட்கள் ஆசனத்தைத் தாழ்த்தி வைத்து ஓடிவிட்டு முழங்கால் நோகிறது என்கிறார்கள்.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை நானே எடுத்தேன். அதன் தடித்த டயரை மாற்றவில்லை, அதற்கொரு காரணம் உண்டு. சனிக்கிழமைகளில் சுபஹுக்குப் பிறகு காரைதீவுச் சந்தியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்கிறார்கள். ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், என் வயதுக்காரர் ஓரிருவர். ஒரு தபால்காரரும் வருவார், கிழமை முழுக்க ஓடியது போதாதென்று. அம்பாறை வீதியில் சம்மாந்துறை தாண்டியதும் வயல் வெளிக்குள் இறங்கிவிடுவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் அங்கே வலைபோல ஓடுகின்றன. அவற்றின் கட்டுகளில் கிரவல் பாதை. அந்தப் பாதையில்தான் என் தடித்த டயருக்கு வேலை. மெல்லிய டயர்காரர்கள் மணலில் இறங்கித் தள்ளும்போது நான் ஓடிக்கொண்டே போவேன், இரண்டரை வருட நட்டத்துக்கு அதொரு ஆறுதல்.

அந்தப் பாதைக்கென்று சில முறைகள் இருக்கின்றன. விடிந்த பிறகுதான் கட்டில் ஏறுவது, யானை நடமாட்டம் உள்ள பகுதி அது. வாய்க்காலில் தண்ணீர் விடும் காலத்தில் கரை வழுக்கும். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்துக்கும் நெல் ஏற்றும் லொறிக்கும் இறங்கி இடம் விடவேண்டும், அவர்களுக்கு அது பிழைப்பு, எமக்கு அது காற்று வாங்குவது. யாருக்காவது டியூப் வெடித்தால் எல்லோரும் நிற்பார்கள். பத்து மணிக்குள் வீடு. திரும்பி வரும் வழியில் பிரதான வீதியில் ஒருவர் பின் ஒருவராக வருவோம், பக்கத்துப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு வருவது கிடையாது. அந்த வீதியில் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடும் வேகத்தில், சைக்கிள்காரனுக்குக் கிடைப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு முழம் மட்டும்.

என் கடைப் பையன் வாரத்தில் மூன்று பின்னேரம் காக்காவிடம் தொழில் பழகுகிறான். சில்லுக் கோணல் எடுக்க இன்னும் கை வரவில்லை, இழுத்த பக்கமே திரும்ப இழுக்கிறான். பக்கத்துத் தெருவில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, ஒரு பழைய லேடீஸ் சட்டத்தை எடுத்து, செயின் கவரும் வலையும் போட்டு இருவருமாகப் பூட்டிக் கொடுத்தார்கள். இதுவரை அது மூன்று தரம் திரும்பி வந்தது. மூன்றும் காற்றடிக்க.

களஞ்சிய அறையில் இன்னும் இரண்டு நிற்கின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கரியல் பூட்டியாயிற்று, சில்லும் நேராக ஓடுகிறது. விலை பேசிக்கொள்ளலாம். கைப்பம்ப் நான் தருகிறேன்.